இரவல் கொடுத்த தப்பு

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தொழிலுக்கு வந்து இன்னும் ஒரு கல்யாணத்தையாவது நிறுத்தப் பார்க்கவில்லை என்றால், தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் இன்னும் தொழிலுக்குள் வரவில்லை, வாசலில்தான் நிற்கிறீர்கள். பயப்பட வேண்டாம், உங்கள் முறையும் வரும். என் முறை சுதந்திரத்துக்கு முன்னால், யுத்த காலத்தில் வந்தது. புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது உருப்படியாக எழுதித் தாருங்கள் என்று கேட்டதால் அதைச் சொல்லிவிடுகிறேன். மை, மெஷின் சமாசாரமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

எனக்கு உங்களைப்போல விளக்கு வைத்த மேஜையும், தாளைத் தானே இழுத்துக்கொள்கிற மெஷினும் கிடையாது. அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு அறை, காலால் மிதிக்கிற ஒரு டிரெடில் மெஷின், ஈய எழுத்து அடுக்கிய நாலு பெட்டி, ஒரு ஜன்னல், ஒரு மனைவி. மனைவியைக் கடைசியில் சொன்னதற்கு, கமலா இதைப் படித்தால் எனக்கு இன்றைக்குக் காப்பி கிடைக்காது. எழுத்துக் கோப்பது நான். மெஷினுக்குத் தாள் கொடுப்பது, அட்டையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவுவது, எண்ணிக் கட்டுவது, வருகிறவர்களிடம் என்னைவிட நன்றாகப் பேசுவது எல்லாம் அவள். ஆவடிப் பக்கம் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் போட்டிருந்த சமயம், காகிதம் குதிரைக்கொம்பாகிவிட்டது. நல்ல அட்டை ஒரு கட்டு கிடைத்தால் அதை அரிசிப் பானையோடு சேர்த்து உள்ளறையில் வைத்துப் பூட்டுவாள்.

பத்திரிகையில் பெண் பெயரும் பிள்ளை பெயரும் போடுவது ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் அதற்குக் கீழே. தங்கள் வரவை விரும்பும் என்று போட்டுவிட்டு, பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் என்று வரிசையாக நிற்பார்களே, அங்கேதான் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார்கள். யாரை முதலில் போடுவது, யாரை அவருக்குக் கீழே போடுவது, யாரைப் போடாமலே விட்டுவிடுவது. விடப்பட்டவர் சும்மா இருப்பாரா? அதற்கும் எங்கள் சுற்று வட்டாரத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். "நாங்க எழுதித்தான் குடுத்தோம், அச்சாபீஸ்ல உட்டுட்டாங்கோ" என்று சொல்லிவிடுவார்கள்.

சொல்வதோடு நிற்கமாட்டார்கள். பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போகும்போதே வாசலில் திரும்பி நின்று, "யாராச்சும் வந்து கேட்டா நீயும் ஆமான்னு சொல்லிடு அண்ணாத்தே" என்பார்கள். நானும் சரி என்பேன். அதனால் எனக்கு என்ன நஷ்டம்? இரண்டு குடும்பம் அடித்துக்கொள்ளாமல் இருக்கட்டுமே. கொஞ்ச நாளில் இது எனக்கு ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. ஸ்டேஷன் பக்கம் நடந்து போனால், இந்த ஊரில் பாதிச் சமாதானம் என் தலையில்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு நடப்பேன். அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கமலாவுக்கு இது ஆகாது. "நல்லா கோக்கற கைய வெச்சிகினு, கோக்கத் தெரியாதவன்னு பேர் வாங்கறீங்களே, இது இன்னா கெட்டிக்காரத்தனம்?" என்பாள்.

"சமாதானம் பண்ணி வைக்கிறேன்டி."

"அவங்க ஊட்டு அழுக்குத் துணிய நம்ம ஊட்டுக் கொடியில காயப்போடறீங்க. இது பேரு சமாதானமா?"

பெண்களுக்கு வியாபாரம் புரியாது என்று அப்போது எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அந்த அபிப்பிராயம் எவ்வளவு காலம் இருந்தது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

நெமிலிச்சேரியில் பொன்னுரங்கம் என்று ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய தம்பி வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. கூடப் பிறந்த அண்ணன், அவர் பெயரைப் பத்திரிகையில் போடவில்லை. மறதியெல்லாம் இல்லை, எழுதிக்கொண்டு வந்த தாளிலேயே அவர் பெயர் இல்லை. நான்கூட எடுத்துக் கேட்டேன், "எழுதினத மட்டும் அடி" என்று பதில் வந்தது. பத்திரிகை ஊருக்குள் போன பிறகு மனசு மாறியதோ, பயம் வந்ததோ, அந்த வீட்டிலிருந்து திரும்ப என்னிடம் வந்தார்கள். நீயே நேரில் போய்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றார்கள்.

போனேன். சலவைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. ஈய எழுத்து எவ்வளவு சின்னது, ஒரு வரி எப்படி விரல் நடுவில் நழுவும், அன்றைக்கு எனக்கு எப்படித் தலைவலி என்று பொன்னுரங்கத்துக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மோர் கொடுத்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். கமலாவிடம் அதைப் பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து மண்ணூர்பேட்டையிலிருந்து முருகேசன் வந்தார். கழனி வைத்திருந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். மகள் செல்லம்மாவுக்குக் கல்யாணம். முருகேசனுக்கும் அவர் மனைவி முனியம்மாவின் அண்ணன் ஏகாம்பரத்துக்கும் நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. உழவுக்கென்று வாங்கிப்போன காளையை நொண்டியாகத் திருப்பிக் கொடுத்ததில் வந்த சண்டை. யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்று இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை.

ஆனால் செல்லம்மாவுக்குத் தாய்மாமன் அந்த ஏகாம்பரம் ஒருவர்தான். அந்தக் குடும்பங்களில் பெண்ணை மணையில் உட்கார வைப்பதற்கு முன்னால் தாய்மாமன் வந்து அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மாமன் உயிரோடு இருந்து, கோபித்துக்கொண்டு வராமல் போனால், பெண்ணைக் கொண்டு போகிற வீட்டில் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் முனியம்மா அண்ணன் ஊரான நெமிலிச்சேரிக்கும் மண்ணூர்பேட்டைக்கும் நடையாய் நடந்து, அண்ணன் காலிலும் விழுந்து, புருஷன் காலிலும் விழுந்து, இருவரையும் ஒரு மாதிரி வழிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"எங்க மச்சான் பேருதான் மொதல்ல வர்ணும்பா" என்றார் முருகேசன், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு. "ஊட்ல உத்தரவு."

உத்தரவு என்றால் நன்றாகவே செய்துவிடுவோம் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மற்றவர்கள் பெயரெல்லாம் சின்ன எழுத்தில் இருக்க, தாய்மாமன் ஏகாம்பரம் என்பதை மட்டும் ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் தனியாகக் கோத்தேன். எழுத்துக் கோக்கிற இரும்புச் சட்டத்தை நாங்கள் ஸ்டிக் என்போம், கையில் அடங்குகிற சின்னச் சட்டம். பெரிய எழுத்து என்பதால் அந்த ஒரு வரிக்குத் தனி ஸ்டிக். கோத்து முடித்த சமயத்தில் ஒரு பட்டாளத்துக்காரர் உள்ளே வந்தார். இந்தியில் ஏதோ கேட்டார், நான் தமிழில் ஏதோ சொன்னேன், கமலா கையைக் காட்டியே அவருக்கு வேண்டியதைப் புரிந்துகொண்டு பதிலும் சொல்லி அனுப்பினாள். அதற்குள் நான் அந்த ஸ்டிக்கை ஜன்னலில் எண்ணெய்க் குடுவைக்குப் பின்னால் வைத்திருந்தேன். திரும்பி வந்து வேறு ஸ்டிக்கில் இரண்டாவது பெயரிலிருந்து கோத்தேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி முடுக்கியபோது முதல் பெயர் உள்ளே இருப்பதாகவே என் மனசுக்குள் இருந்தது. ஏகாம்பரத்துக்கு மரியாதையைக் கொஞ்சம் அதிகமாகச் செய்யப் போய்த்தான் அவர் பத்திரிகைக்கு வெளியே நின்றார்.

சரி, அடிக்கும் முன்னால் படித்துச் சரிபார்க்க ப்ரூஃப் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. முருகேசனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் படிக்கமாட்டார். "நீ படி, நான் கேக்கறேன். காதுல உழுந்தாத்தான் எனக்கு மனசுல நிக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கணீரென்று படித்தேன். நானே கோத்தது, மனப்பாடம். தாளில் இல்லாத தாய்மாமன் ஏகாம்பரத்தையும் சேர்த்தே படித்தேன், அதுவும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்க. "ம், சரியா கீது" என்றார் முருகேசன். சிரிக்காதீர்கள். நீங்களும் நேற்று அப்படித்தான் படித்திருப்பீர்கள்.

முதல் பத்திரிகையை முல்லைவாயில் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, இரண்டாவதைத் தாம்பூலத் தட்டில் வைத்து நெமிலிச்சேரிக்குக் கொண்டு போனார்கள். ஏகாம்பரம் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார். தங்கைக்குப் புடவை எடுத்து வைத்திருந்தார். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, பத்திரிகையை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்திருக்கிறார். பெயர் இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறார். அங்கேயும் இல்லை. மறுநாள் காலையில் தட்டும் வெற்றிலையும் பத்திரிகையும் ஆள் மூலமாகத் திரும்பி மண்ணூர்பேட்டைக்கு வந்துவிட்டன.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முனியம்மா என் கடைக்கு வந்தாள். வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கமலா தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை.

"அச்சாபீஸ்காரரே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் பொஞ்சாதி மேல கைய வெச்சி சத்தியமா சொல்லு. எங்க அண்ணன் பேர எடுக்கச் சொன்னது எங்க ஊட்டுக்காருதானே?"

திரும்பி வந்த பத்திரிகையைக் கையோடு கொண்டு வந்திருந்தாள், வாங்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அப்போதும் முதலில் அந்தப் பெயர் தெரிந்த மாதிரியே இருந்தது. இன்னொரு தடவை பார்த்தபோதுதான் அது அங்கே இல்லை. "இல்லம்மா. அவரு எழுதிக் குடுத்தாரு. மொதல்ல போடுன்னு சொன்னதும் அவருதான். நான்தான் விட்டுட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதத்தான் சொல்லுவேன்னு தெரியும். எல்லா ஊட்டுக்கும் நீ இதத்தான சொல்ற."

அவள் சொன்னது நிஜம். அந்தப் பொய்யை நான் அத்தனை பேருக்கு அத்தனை சுத்தமாகச் சொல்லி வைத்திருந்ததால், முதல் தடவையாக நிஜம் சொல்லும்போது அதுவும் அதே வார்த்தையாகத்தான் என் வாயிலிருந்து வந்தது. முருகேசன் எழுதிக் கொடுத்த தாளை, காகிதம் குத்தி வைக்கிற கம்பியிலிருந்து எடுத்துக் காட்டினேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சிதான காட்ற" என்றாள்.

"அவரு இன்னா சொல்றாரு?" என்று கமலா கேட்டாள்.

"படிக்கறப்போ எங்க அண்ணன் பேரு காதுல உழுந்துச்சின்னு சொல்றாரு. காயிதத்துல இல்லாதது காதுல எப்டிம்மா உழும்? பொய் சொல்றதுக்கும் ஒரு தெறம வேணும், அதுகூட அந்த மனுசனுக்கு இல்ல. மூணு நாளா சோறு போடறேன், பேசல." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கட்டி வைத்திருந்த காகிதத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். "நாலு வருசம் கழிச்சி எங்க அண்ணன் என் வாசப்படி மிதிக்க இருந்துச்சி. என் பொண்ணு வெறும் நெத்தியோட மணையில உக்காரணுமா?"

அந்த முருகேசன், பாவம், நிஜத்தைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டிலேயே பொய்யனாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. உள்ளறையில் இருக்கிற அட்டையை எடு, புதிதாக அடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று குதித்தேன். அவசரத்தில் நம் ஆட்களுக்கெல்லாம் முதலில் இதுதான் தோன்றும், மறுபடி அடிப்பது. கமலாதான் நிறுத்தினாள். "இப்ப அடிச்சா, அவரு கோச்சிகினதால போட்டாங்கன்னு ஆவும். அது இன்னும் கேவலம்." சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனவள் எண்ணெய்க் குடுவையை நகர்த்தினாள். ஸ்டிக் இருந்தது. தூசி படிந்து, ஏகாம்பரம் அதில் சொகுசாகப் படுத்திருந்தார்.

"ஒரு வாரமா இங்கதான் கீது" என்றாள் கமலா. "நீங்க எடுப்பீங்கன்னு நான் உட்டுட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க போறீங்களா, நான் போவட்டா?" என்றாள்.

ஸ்டிக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு, அந்தப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பட்டாபிராமில் ரயிலை விட்டு இறங்கி நெமிலிச்சேரி வரைக்கும் நடை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முன்பு பொன்னுரங்கத்திடம் பேசிய அந்த நல்ல வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைத் துரத்தத் துரத்த வேறு ஒன்றும் வரவில்லை.

ஏகாம்பரம் ஏரிக்கரையில் வண்டியைச் சாய்த்து வைத்து அச்சுக்கு மசி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நுகத்தடி மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார் என்று பார்த்தால் பொன்னுரங்கம். ஊரில் இத்தனை பேர் இருக்க, அன்றைக்கு அந்த நுகத்தடியில் உட்கார அவர்தான் கிடைத்தாரா என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது.

நான் இன்னார் என்று சொன்னேன். ஏகாம்பரம் நிமிரவில்லை. "தெரியும். எங்க மச்சான் அனுப்பிச்சானா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். உங்க பேர நான்தான் விட்டுட்டேன்." அவ்வளவுதான் வந்தது. துணியைப் பிரித்து ஸ்டிக்கைக் காட்டினேன். தலைகீழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னா பாஷை?" என்றார். வேறு வழி தெரியாமல், அவர் மசிச் சட்டியில் விரலைத் தொட்டு அந்த ஈய வரி மேல் தடவி, திரும்பி வந்த பத்திரிகையின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தி எடுத்தேன். தாய்மாமன் ஏகாம்பரம். கறுப்பாக, கொஞ்சம் பிசிறோடு விழுந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்துக் கூட்டிப் படித்தார். ஒரு நிமிஷம் முகம் இளகின மாதிரி இருந்தது.

"இத நேத்துகூட கோத்திருக்கலாம்ல?" என்றார். பிறகு பொன்னுரங்கத்தைக் காட்டினார். "ரெண்டு வருசம் முன்ன இவர்கிட்டயும் இப்டித்தான வந்து நின்ன? அதுவும் நீ உட்ட தப்புதானா? இதோ கீறாரு. இவரு எதிர்ல சொல்லு."

நீங்கள் என் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்குச் சொன்னது பொய், இன்றைக்குச் சொல்வது நிஜம் என்று சொன்னால் ஏகாம்பரம் ஒருவேளை நம்புவார். செல்லம்மா நெற்றியில் பட்டம் ஏறும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பொன்னுரங்கம் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். உன் கூடப் பிறந்தவன் உன் பெயரை வேண்டுமென்றே எடுத்தான் என்று அவர் முகத்துக்கு எதிரே நான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டைச் சேர்க்க இன்னொரு வீட்டைப் பிரிக்க வேண்டும். முனியம்மா அழுத அழுகை காதில் இருக்கிறது.

"அதுவும் என் தப்புதாங்க" என்றேன்.

ஏகாம்பரம் சிரித்தார். "அப்போ ஒண்ணு உனக்குத் தொழில் தெரியாது, இல்லாங்காட்டி தப்ப ஏத்துக்கறதுதான் உன் தொழிலு. போய்யா." மறுபடி மசிச் சட்டியை எடுத்துக்கொண்டார்.

நான் ஸ்டிக்கைத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றத் தெரியவில்லை, துணி நழுவிக்கொண்டே இருந்தது. அப்போது பொன்னுரங்கம் பேசினார்.

"ஏகாம்பரம், இது நெசம்."

"உனக்கு எப்டித் தெரியும்ணே?"

"அன்னிக்கு வந்தது பொய்யி. அதனால தெரியும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு இவன் சலவைச் சட்ட போட்டுகினு வந்தான். வெத்தல போட்டுகினு வந்தான். எந்த எழுத்து எங்க நழுவுச்சின்னு கத மாதிரி சொன்னான், ரெண்டு சொம்பு மோரு குடிச்சான். இன்னிக்குப் பாரு. பொத்தான மாத்திப் போட்டுகினு கீறான். நாலு வார்த்த சேந்தாப்ல வரல. தப்பு பண்ணவன் இப்டித்தான் இருப்பான்."

குனிந்து பார்த்தேன். பொத்தான் மாறித்தான் போட்டிருந்தது. அப்படியே அம்பத்தூரிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன்.

ஏகாம்பரத்துக்கு என் பொத்தானில் அக்கறை இல்லை. அவர் பொன்னுரங்கத்தையே பார்த்தார். "உன் தம்பி ஊட்ல வேணும்னே உட்டாங்கன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா அந்தக் கல்யாணத்துக்குப் போன?"

"தெரிஞ்சிதான் போனேன். வேணவே வேணாம்னா பொய் சொல்லக்கூட ஆள் அனுப்ப மாட்டாங்கல்ல. அந்த மட்டுக்காவது என்ன வேணும்னு நெனச்சாங்களேன்னு போனேன்." பொன்னுரங்கம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "உனக்கு உன் மச்சான் நெசமாவே பேரு போடச் சொல்லி கீறான். என்னவுட நீ மோசமா? போய்ப் பொண்ணுக்குப் பட்டம் கட்டுற வேலையப் பாரு."

இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அந்த மனிதர் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்காக வெளியே எடுத்து வைத்துவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஏகாம்பரம் கொஞ்ச நேரம் வண்டிச் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "இந்த ஊர்ல பதினாறு ஊட்டுக்குப் பத்திரிக குடுத்து கீறாங்க. எல்லாத்துலயும் இப்டிக் குத்திக் குடுத்துட்டுப் போ" என்றார்.

குத்தினேன். அவர் மசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, நான் ஸ்டிக்கோடு பின்னே நடக்க, பதினாறு வீட்டிலும் பத்திரிகையை வாங்கி வண்டி மசியால் அவர் பெயரைப் பதித்தேன். ஒவ்வொரு வீட்டிலும், "அச்சாபீஸ்காரரு, இவருதான் உட்டுட்டாரு" என்று அவரே என்னை அறிமுகம் செய்தார். சில வீட்டில் மசி ஆறாமல் வரிசையில் இருந்த மற்ற சொந்தக்காரர்கள் மேலெல்லாம் அப்பிக்கொண்டது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நாலாம் நாள் பட்டம் கட்டினார். நானும் கமலாவும் போயிருந்தோம். முருகேசன் பந்தலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான், மொத பந்தியில உக்காரு" என்றார். முனியம்மா எனக்கு இலையில் இரண்டு தடவை வடை வைத்தாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ப்ரூஃப் படித்துக் காட்டியதில்லை. வாங்க வந்தவர் படிப்பார், நான் கேட்பேன், கமலா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். படிக்கத் தெரியாதவர் என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன். வாசலில் திரும்பி நின்று "நீயும் ஆமான்னு சொல்லிடு" என்று யாராவது ஆரம்பித்தால், என் தப்பு எனக்கே சரியாக இருக்கிறது, இரவல் தர மிச்சமில்லை என்று சொல்லிவிடுவேன். இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்ப் பத்திரிகை அடித்துக்கொண்டார்கள். போகட்டும். உங்களிடமும் இதே மாதிரி வருவார்கள். இப்போது கம்ப்யூட்டர் மேல் பழி போடச் சொல்கிறார்களாம். பழி கேட்டு வருகிறவர்களிடம் நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்படாதீர்கள். உங்கள் சொந்தத் தப்பை ஒப்புக்கொள்கிற அன்றைக்கு உங்களை யாராவது நம்ப வேண்டும்.

கடைசியாக ஒன்று. நெமிலிச்சேரியில் அந்தப் பதினாறு வீடும் முடித்துக் கையெல்லாம் மசியோடு கிளம்பினேன். பொன்னுரங்கம் ஊர் எல்லை வரைக்கும் கூட வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. பிரிகிற இடத்தில் நின்றார்.

"அன்னிக்கு என் பேர வேணாம்னது யாரு நைனா? என் தம்பியா, அவன் பொஞ்சாதியா?"

எனக்குத் தெரியும். இவரிடமாவது நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் அவசரமாகக் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"வேணாம், சொல்லாத" என்றார். "இப்போ அவ மேல கொஞ்சம், அவன் மேல கொஞ்சம்னு சந்தேகப்பட்டுகினு ரெண்டு பேரோடயும் பேசறேன். தம்பின்னு தெரிஞ்சிட்டா நான் யார் ஊட்டுக்குப் போவேன்?"

நான் சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தத் தம்பியும் போய்விட்டார். கமலா இன்றைக்கும் எப்போதாவது கேட்பாள், அவளிடமும் சொன்னதில்லை.